முதலில் ஓம், பிறகு ஏன்

எங்கள் சங்கத்தின் பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர் சிலர் கைகூப்புவார்கள். நாங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், என்று தெரிந்த பிறகு, கூப்பிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் சால்வையைச் சரிசெய்வார்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அதனால் கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகத்தான் சொல்லுவேன்: ஓம் சங்கம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தை அடுத்த எங்கள் தீவில் யாரும் 'ஆமாம்' என்று சொல்வதில்லை. 'ஆம்' என்பது பாடப்புத்தகத்திலும் பிரசங்கத்திலும் மட்டும் உயிரோடு இருக்கிற சொல். மீன் புதுசோ என்று கேட்டால் ஓம். பொம்பிளை பிடிச்சிருக்கோ என்று கேட்டால், கொஞ்சம் தலையைக் குனிந்து, அப்போதும் ஓம். கோயிலில் ஐயர் சொல்லுகிற ஓமும் இதுவும் எழுத்தில் ஒன்றுதான். ஆனால் எங்கள் ஊரில் எவரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டது கிடையாது.

அந்தப் பெயரை மாற்றவேண்டும் என்று ஒரு போதகர் வந்தார். அதே வருடம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து, வாயில் ஒரேயொரு சொல் மிஞ்சியது. அந்தச் சொல் ஓம். பெயரை மாற்றினால் அப்பாவுக்குச் சங்கத்தில் இடமில்லை. அதை நடக்கவிடுவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். எனக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. பிடிவாதத்தில் மட்டும் அப்பாவின் வயது.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் மாஸ்டராக இருந்தவர். பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்த பிறகும் அதே கதிரையில் உட்கார்ந்து படிப்பித்து, அதே கதிரையிலிருந்து ஓய்வுபெற்றார். கதைத்து அவரை வெல்ல ஆளில்லை. ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்ற மொழிச்சட்டம் வந்ததிலிருந்து, தமிழில் ஒரு சொல்லை விட்டுக்கொடுப்பதென்றாலே அவருக்கு மூக்கு நுனி சிவக்கும். நான் ஊர்ச் சங்கக்கடையில், கூட்டுறவுக் கடையில், மனேச்சர். சீனி இல்லை, மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் அந்தக் காலத்தில் என் உத்தியோகம். "கடைச் சங்கத்திலை இல்லை எண்டுறாய், வேதச் சங்கத்திலை ஓம் எண்டுறாய். உன்ரை பாடு பரவாயில்லை" என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

புங்குடுதீவில் எங்கள் சபைக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மடத்துவெளியில் இருந்தும் அக்கம்பக்கத்துக் குறிச்சிகளில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை வந்து சேருவோம். சுற்றிவர எல்லாம் சைவக்காரர். ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் கத்தோலிக்கர். நடுவில் நாங்கள். ஆட்கள் குறைவென்பதால் ஒருவரை ஒருவர் விட்டால் வேறு கதியில்லை. ஒருவருக்குக் கூரை வேயவேண்டும், இன்னொருவருக்கு வேலி அடைக்கவேண்டும், யாருக்கோ சுகமில்லை, கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போகவேண்டும், யாரோ செத்துப்போனார், குழி வெட்டவேண்டும். ஆண்கள் சேர்ந்து இதற்கென்று வைத்ததுதான் சங்கம்.

சங்கத்துக்குச் சட்டதிட்டம் ஒன்றே ஒன்று. வீட்டு வேலிப் படலையில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உள்ளே இருப்பவர் என்ன செய்துகொண்டிருந்தாலும் முதலில் ஓம் என்று சொல்லவேண்டும். ஏன், எதுக்கு, ஆருக்கு என்று கேட்பதெல்லாம் படலை தாண்டி றோட்டில் ஏறின பிறகு. முதலில் ஓம், பிறகு ஏன்.

ஒருமுறை அப்பா மத்தியான நித்திரையில் இருக்கும்போது கூப்பிட்டார்கள். ஓம் என்றார், சாரத்தை மடித்துக் கட்டினார், நடந்தார். பாதி வழியில்தான் தெரிந்தது, வேயவேண்டியது தன்னோடு எல்லை வேலிக்காக வழக்குப் போட்டுக் கோடு வரை போய் நிற்கிற மனிதனின் கூரை என்று. திரும்பி வரமுடியாது, சொன்ன ஓம் சொன்னதுதான். ஏறினார். ஓலையை வரிந்து கட்டிக்கொண்டே கூரையில் குந்தியிருந்து, கீழே நின்றவரோடு எல்லைக் கதையை முதலிலிருந்து தொடங்கினார். வேலை முடிய வழக்கும் முடிந்துவிடும் என்று நினைத்தோம். வேலை முடிந்தது, வழக்கு முடியவில்லை. ஆனால் அந்தக் கூரை அடுத்த மாரிக்கும் ஒழுகவில்லை.

பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். சங்கத்துக்குத் தலைவர் ஒரு மோட்டர் வள்ளக்காரர். குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குபவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுவோம். அண்ணையின் கதையில் ஒரு வெள்ளைக்காரப் போதகர் வருவார். அவர் மதுரைப் பக்கம் தமிழ் படித்துவிட்டு வந்தவர். சங்கம் தொடங்கின அன்று, "உங்கள் சங்கத்துக்குப் பெயர் உண்டா?" என்று கேட்டாராம். பெயர் யோசித்துத்தான் வைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே குரலில் "ஓம்" என்றார்கள். அவர் அதையே பெயரென்று எழுதிக்கொண்டார். "பிழையைத் திருத்தினால் மனுசன் வெக்கப்பட்டுப் போவார் எண்டு விட்டுட்டினம்" என்று அண்ணை சிரிப்பார். யோசித்து வைத்திருந்த பெயர் என்ன என்று அண்ணைக்கும் தெரியாது.

அப்பாவுக்கு இந்தக் கதை பிடிக்காது. வெள்ளைக்காரனுக்குக் காது கேளாததால் வந்த பெயரா என்று சீறுவார். அவருடைய கதை கடலில் நடந்தது. நயினாதீவிலிருந்து வந்த வள்ளம் ஒன்று சோளகக் காற்றில் கவிழ்ந்தது. கரையில் நின்றவர்கள், "ஆராவது இருக்கிறியளோ?" என்று கத்தினார்கள். தண்ணீருக்குள் கிடப்பவனுக்கு வேறென்ன சொல்ல மூச்சிருக்கும்? ஓம் என்ற சத்தம் வந்த பக்கம் பார்த்து நீந்திப்போய் இழுத்து வந்தார்களாம். இழுத்தவர்களும் இழுக்கப்பட்டவர்களும் கரையில் உட்கார்ந்து உடுப்புக் காயவைத்தபோது உண்டானதுதான் சங்கம் என்பார்.

அம்மாவைக் கேட்டால் குசினிக்குள் இருந்தே பதில் வரும். "கடலும் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை. வேதக் கோயிலிலை எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வீட்டை வந்து ஒரு வேலை செய்யாததுகள். பொம்பிளையள் வைச்ச பட்டம் அது." அம்மா புளியங்கூடலில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்து, அப்பாவைக் கலியாணம் முடித்து இங்கே வந்தவர். தையல் ரீச்சர். துணியை வெட்டுவது போலவே கதையையும் வெட்டுவார்.

இதற்குள் ஊர்க் கிழவி ஒருத்தி வேறு வெறும் போத்தலோடு வந்து நின்றாள். பேரப்பிள்ளைக்கு வயிற்றுக்குத்தாம். ஓமத் தண்ணீர் கொடுக்கிற சங்கம் இதுதானே என்று கேட்டாள். அம்மா சிரிக்காமல் உள்ளே போய், அடுப்பில் ஓமம் அவித்து, போத்தலை நிரப்பிக் கொடுத்தனுப்பினார்.

பள்ளிக்கூடம் விட்ட கையோடு நான் சங்கத்தில் சேர்ந்தேன். சேருவதற்குச் சடங்கு இல்லை. தலைவர் எல்லோருக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "கூப்பிட்டால் வருவீரோ?" ஓம் என்று சொன்னால் ஆள் உள்ளே. அன்று மட்டும் அண்ணை என்னை நீர் என்று விளித்தார். அதுவரை நீதான். வீட்டுக்கு நடந்து வரும்போது, எது உண்மையான கதை என்று அப்பாவிடம் மறுபடியும் கேட்டேன். "பேர் எங்கையிருந்து வந்தால் உனக்கென்ன? கூப்பிட்டால் போறியோ இல்லையோ, அதைப் பார்" என்று பாய்ந்தார்.

புதுப் போதகர் வந்தது நான் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து. இளம் ஆள். இந்தியாவில் வேதசாத்திரம் படித்தவர். நல்ல குரல். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வீடு வீடாய் வருவார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகும். அந்த வருடம் பக்கத்துச் சைவக்கோயில் திருவிழாவில் தண்ணீர்த் தட்டுப்பாடு. கோயில்காரர் எங்கள் படலையில் வந்து கூப்பிட்டார்கள். வழக்கம்போல ஓம் என்று போய், மாட்டு வண்டியில் பீப்பாய் ஏற்றி, நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து இறைத்துக் கொண்டுவந்து கொடுத்தோம். கடைசி நாள் ஒலிபெருக்கியில், "ஓம் சங்கத்து அடியார்களுக்கு அம்பாளின் அருள் கிடைப்பதாக" என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். போதகர் சிரிக்கவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். பெயரை மாற்றவேண்டும் என்றார். கிறிஸ்தவ சகோதரர் ஐக்கியம் என்று வைக்கலாம். ஒவ்வொருவரும் எழுந்து நின்று புதிதாக ஒரு வாக்குறுதி சொல்லி, ஆமென் என்று முடிக்கவேண்டும். அதுதான் இனிச் சேருகிற முறை. பழைய ஆட்களும் அப்படிச் சொல்லித்தான் மறுபடி சேரவேண்டும். அப்பா கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அவர் வாயைத் திறந்தால் விளக்கு வைக்கும் நேரமாகிவிடும் என்று அண்ணைக்குத் தெரியும். "மாஸ்டர், வாற மாசம் ஆறுதலாய்க் கதைப்பம்" என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

அப்பா அந்த மாதம் முழுவதும் தன் பேச்சைத் தயார்செய்தார். விறாந்தையில் நடந்துகொண்டே பேசுவார், சவரம் செய்துகொண்டே பேசுவார், கிணற்றடியில் வாளியைப் பார்த்துப் பேசுவார். அப்படி ஒரு காலை கிணற்றடியில் பேச்சுப் பாதியில் நின்றது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கிணற்றுக் கட்டோடு சாய்ந்து கிடந்தார், வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. படலைக்கு வெளியே போய் ஒரு சத்தம்தான் போட்டேன். நாலு வீட்டிலிருந்து ஓம் என்று வந்தது. கதிரையில் வைத்துத் தூக்கி, வாடகை வான் பிடித்து, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிழைத்துவிட்டார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. கட்டிலருகே நின்று டொக்டர், "நோகுதோ?" என்று கேட்டார். "ஓம்" என்றார் அப்பா. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. டொக்டர் மறுபடி, "நோகேல்லையோ?" என்றார். "ஓம்." சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று டொக்டர் சொன்னார். எல்லாவற்றுக்கும் அதுவேதான் வரும், ஆனால் கேட்பது விளங்கும், யோசனையும் சரியாக இருக்கும் என்றார். நான் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு சொற்களை வைத்திருந்த மனிதன்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அந்த ஒரு சொல்லைப் படிக்கத் தொடங்கினார். வெட்டினது போல வந்தால் இல்லை. இழுத்துச் சொன்னால் வேணும். மூக்கால் வந்தால் போதும், நிப்பாட்டு. புருவத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னால் அது ஏச்சு. "தேத்தண்ணி தரட்டோ?" "ஓம்." "சரி, வேண்டாமாம்" என்று அம்மா கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார். எனக்கு வித்தியாசம் பிடிபடவே இல்லை. நான் கொடுத்தால் வேண்டாத தேத்தண்ணீரைக் கொடுப்பேன், காற்று வேண்டும் என்கிறபோது யன்னலைச் சாத்துவேன். அப்பா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். ஏச்சு மட்டும் எனக்கும் விளங்கியது.

போதகர் அடிக்கடி வந்து பார்த்தார். ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, புதுச் சங்கத்தில் மாஸ்டரைக் கௌரவ உறுப்பினராக வைக்கலாம், அவர் எழும்பவும் வேண்டாம், வாக்குறுதி சொல்லவும் வேண்டாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"கௌரவ உறுப்பினரைப் படலையிலை நிண்டு கூப்பிடுவியளோ ஐயா?"

"கூப்பிட்டு என்ன தம்பி? அவரால் வர ஏலாதே."

"வாறது இரண்டாவது. முதல் ஓம் எண்டு சொல்லவேணும். அவரிட்டை மிச்சம் இருக்கிறது அது ஒண்டுதான். அதையும் வேண்டாம் எண்டுறியளோ?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். சங்கக்கடை பூட்டின பிறகு இதுதான் வேலை. சிலர் என்னோடு நின்றார்கள். சிலர், பிள்ளைகள் பட்டணத்தில் படிக்குதுகள், ஓம் சங்கம் என்றால் கூடப்படிக்கிறவர்கள் சிரிக்கிறார்களாம் என்றார்கள். புளியங்கூடல் மாமா, அம்மாவின் சகோதரர், தெற்கில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்திருந்தவர், "உங்கடை ஆக்களுக்கு வேண்டாம் எண்டால் சொல்லு. அந்தப் பேரை நாங்கள் எடுக்கிறம், முதலிலை எங்கடைதானே" என்று கண்ணடித்தார். வள்ளக்கார அண்ணையிடம் போனேன். எஞ்சினைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு இரண்டும் ஒண்டுதான் தம்பி" என்றார். அவர் மேலும் கோபித்துக்கொண்டு வந்தேன்.

சபைப் பிள்ளைகளைச் சாட்டி என்ற கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போன நாளில் போதகரை மறுபடி பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் தண்ணீருக்குள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு நின்றார். ஏன் இவ்வளவு ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள், ஒரு சொல்தானே என்று கேட்டேன்.

"ஒரு சொல்தான்" என்றார். "என்ரை தகப்பன் சைவத்திலை இருந்து வந்தவர். அவருடைய தகப்பன் செத்த அண்டைக்கு, அந்தச் சொல்லைச் சொல்லிக் கிரியை செய்தால்தான் வீட்டுக்குள்ளை விடுவம் எண்டு சொந்தக்காரர் நிண்டவை. அவர் சொல்லேல்லை. படலைக்கு வெளியிலை நிண்டுதான் பிரேதம் போறதைப் பாத்தவர். பிறகு அந்த வீட்டுக்குள்ளை போகவே இல்லை. அந்தச் சொல்லை நான் சங்கத்துப் பலகையிலை எழுதி வைச்சால், தம்பி, அவருக்கு என்ன மறுமொழி சொல்லுறது?"

அவருக்கும் ஒரு தகப்பன் இருந்தார். அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் என் முடிவு மாறவில்லை. ஒரு தகப்பனைப் படலைக்கு வெளியே விட்டதற்காக இன்னொரு தகப்பனையும் வெளியே விடுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

அப்பாவுக்குச் சுகமில்லாததால் தள்ளிப்போன கூட்டம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, எங்கள் வேதக் கோயில் மண்டபத்தில். அப்பாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் வைத்தோம். கழுத்து வரை பொத்தான் பூட்டின வெள்ளைச் சேட்டு. அம்மாதான் பூட்டிவிட்டவர். பெண்களுக்குச் சங்கத்தில் இடமில்லை என்றாலும், அன்று பின்வரிசை வாங்கில் நிறையப் பெண்கள் வந்து இருந்தார்கள். அம்மாவும் இருந்தார்.

போதகர் தன் பக்கத்தைச் சொன்னார். சாட்டியில் சொன்ன கதையைச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் அவர் பக்கம் போயிருப்பார்கள். அதைச் சொல்லாமல் விட்டதற்காக அவரை நான் மதித்தேன். பிறகு நான் எழும்பி, அப்பா கிணற்றடியில் பேசிப்பேசி எனக்குப் பாடமாகிப்போன பேச்சைப் பாதிவரை பேசினேன். அவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நானும் நிறுத்தினேன். மிச்சம் எனக்குத் தெரியாது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். அந்தப் பக்கம் எவ்வளவோ இந்தப் பக்கமும் அவ்வளவு. வள்ளக்கார அண்ணைக்கு வியர்த்தது. கடைசியில், "மாஸ்டர்தான் எல்லாரிலும் மூத்த ஆள். அவர் சொல்லட்டும், அதோடை முடிப்பம்" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். அப்பாவின் வாயில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாதா என்று நான் பல்லைக் கடித்தேன்.

போதகர் அப்பாவுக்கு முன்னால் போய்க் குனிந்தார். கள்ளத்தனம் இல்லாமல்தான் கேட்டார். "மாஸ்டர், பேரை மாத்துவமோ?"

"ஓம்" என்றார் அப்பா.

ஒரு பக்கத்திலிருந்து கை தட்டினார்கள். நான் பாய்ந்து போனேன். "அப்பா, பேரை மாத்தாமல் விடுவமோ?"

"ஓம்."

இந்தமுறை கை தட்டவில்லை, சிரித்தார்கள். பகைச் சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்புத்தான். ஊரையே வாயால் கட்டிவைத்திருந்த மனிதனை, அவர் படிப்பித்த பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவின் இடக்கை கதிரைப் பிடியை அடித்தது. கண் கலங்கியிருந்தது. அவரை இங்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கவே கூடாது என்று எனக்குத் தோன்றியது.

"முதல் சொன்ன ஓம் இல்லை எண்டதுக்கு. வெட்டிச் சொன்னவர், உங்களுக்குக் கேக்கேல்லையோ?" பின்வரிசை வாங்கிலிருந்து அம்மாவின் குரல்.

"அக்கா, ஓமுக்குள்ளை இல்லை எப்பிடி வரும்?" என்றார் அண்ணை. பாவம், அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "நீங்கள் சொல்லுறதை எழுத ஏலாது. அவர் சொன்னதைத்தான் எடுக்கலாம்."

அம்மா எழுந்து முன்னால் வந்தார். சங்கக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து முன்னால் வந்தது அதுதான் முதல் தடவை. யாரும் மறிக்கவில்லை. மறித்திருந்தால் நடந்திருப்பது வேறு. போதகர் விலகி இடம்விட்டார். அம்மா அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து, அவரின் சேட்டுக் கழுத்தைச் சரிசெய்தார். பிறகு தேத்தண்ணீர் கேட்கிற குரலிலேயே கேட்டார்.

"இஞ்சருங்கோ, உங்கடை சங்கத்துக்குப் பேர் என்ன?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, எங்கள் எல்லோரையும் பார்த்தார். வகுப்பில் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் பார்ப்பாரே, அப்படி.

"ஓம்" என்றார்.

வெட்டியும் இல்லை, இழுத்தும் இல்லை. அம்மா நிமிர்ந்து, "இப்ப எழுதுங்கோ" என்று அண்ணையிடம் சொல்லிவிட்டுத் தன் வாங்குக்குத் திரும்பிப் போனார். போதகர் ஜெபத்தோடு முடிப்போம் என்றார். ஜெபம் முடிய எல்லோரும் ஆமென் என்றோம். அப்பா மட்டும் ஓம் என்றார்.

நான் வென்றுவிட்டேன் என்று ஊரில் சொன்னார்கள். நான் பேசினது பாதிப் பேச்சு, கேட்டது பிழையான கேள்வி. சரியான கேள்வி, சங்கத்தில் இடமில்லாத ஆளிடம் இருந்தது. அடுத்த கூட்டத்தில் அம்மாவைச் சங்கத்தில் சேர்க்கவேண்டும் என்று எழும்பினேன். அது வேறொரு சண்டை, கன காலம் நடந்தது. அம்மாவோ, "எனக்கு வேறை வேலை இல்லையோ?" என்று சிரித்தார்.

போதகர் அதற்குப் பிறகு பெயரைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லவும் இல்லை. எங்கள் சங்கம், உங்கள் சங்கம் என்று சுற்றிப் போவார். நான் அதைக் காணாதது போல விட்டுவிட்டேன். அவர் தகப்பனுக்குச் சொல்லவேண்டிய மறுமொழி அவரோடு இருக்கட்டும்.

அந்த வருட மாரி தொடங்கி, கடும் காற்று அடித்த மறுநாள் காலை. நான் கடைக்குப் போக இறங்கிக்கொண்டிருந்தேன். அப்பா விறாந்தைக் கதிரையில். படலையில் சைக்கிள் மணி கேட்டது. போதகர், தலை முழுக்க நனைந்து நின்றார். நான் அவருக்கு நேரே தெரியும்படிதான் நின்றேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, பிரசங்கக் குரலில் கூப்பிட்டார்.

"மாஸ்டர்!"

"ஓம்!" என்றார் அப்பா. இழுத்துச் சொன்னார். அதை விளங்கிக்கொள்ள எனக்கு அம்மா வேண்டியிருக்கவில்லை.

கடைப் பூட்டின் திறப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டினேன். போதகர் சைக்கிளை உருட்ட, அப்பாவின் ஓமுக்காக நான் பக்கத்தில் நடந்தேன். றோட்டில் ஏறி, வளைவு தாண்டின பிறகுதான் ஏன் என்று கேட்டேன்.